திங்கட்கிழமை வராத எட்டு மணி

என் கிட்னி ஒன்று என் தம்பியின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதை அவன் எந்த லட்சணத்தில் பார்த்துக்கொண்டான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கூடப் பிறந்தவனைப் பற்றி ஒரு பெண் இப்படியா பேசுவாள் என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம். எனக்கு இன்னும் குமட்டல் நிற்கவில்லை.

அவனுக்கு வீட்டில் 'சரிசார்' என்று பெயர். நான் வைத்ததுதான். நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். காலையில் குடையோடு போனவன்.

"குடை எங்கடா?" என்று கேட்டேன்.

"பக்கத்துல உக்கார்றவன் கேட்டான்க்கா. சரின்னு குடுத்துட்டேன்."

"திருப்பித் தருவானா?"

"அதக் கேக்கல."

வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது. செய்யாத தப்புக்கு வாத்தியார் திட்டினாலும் "சரி சார்". பஸ்ஸில் எவனாவது காலை மிதித்துவிட்டு முறைத்தாலும் "சரி சார்". மிதித்தவனே திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பேன். வளர்ந்தால் மாறிவிடுவான் என்று எங்கள் அம்மா சொன்னாள். வளர்ந்தான். ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அந்த இரண்டு அங்குலத்தையும் யாராவது கேட்டிருப்பார்கள், சரி என்று கொடுத்திருப்பான்.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ்கிரீமும் இறைச்சியும் வைக்கிற பெரிய பெரிய ஃப்ரீசர்களை ரிப்பேர் செய்கிறவன். கம்ப்ரஸர் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எங்கே கேஸ் கசிகிறது, எது அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஒரு மெஷின் முனகினால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடுகிறவனுக்குத் தன் உடம்பு முனகியது மட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். கால் வீங்கியது. வீங்கிய காலுக்கு ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். இப்படியும் ஒரு ஜென்மம்! அவனைப் படுக்கவைத்துப் பார்த்தபோது இரண்டு கிட்னியும் கைவிட்டிருந்தன. அவன் டயாலிசிஸ் படுக்கையில் இருக்கும்போதே பழைய கம்பெனி 'இனி வர வேண்டாம்' என்று போனில் செய்தி அனுப்பிவிட்டது. இவன் அதற்குப் பதில் போட்டிருந்தான். என்ன போட்டிருப்பான் என்று சொல்லவும் வேண்டுமா?

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய சலவை நிலையத்தில் கறை எடுக்கிற மேஜை என்னுடையது. பதினேழு வருஷம். ஓட்டல் மேஜைவிரிப்பு, ஆஸ்பத்திரிப் போர்வை, கல்யாணக் கோட்டு எல்லாம் என் கைக்குத்தான் முதலில் வரும். ரத்தம், வாந்தி, எண்ணெய், பெயர் சொல்லக் கூசுகிற மற்றவை எல்லாம் பார்த்தாயிற்று. எனக்குக் கறை அருவருப்பு இல்லை. கறைமேல் பவுடரைத் தூவி மறைத்து, "சும்மா ஒரு அலசு அலசினா போதும்" என்று கொண்டுவந்து போடுகிறவர்கள்தான் அருவருப்பு. சூடான இஸ்திரி பட்டதும் அந்தக் கறை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது.

தம்பி மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "யோசிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது? நாலாம் வகுப்பிலிருந்து அவனுக்குக் குடை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பவள் நான். கொடுத்தேன். மூன்று மாதம் ஈரத்துணி தூக்கக்கூடாது என்றார்கள். இன்றைக்கும் மழைக்காலத்தில் தையல் போட்ட இடம் இழுக்கும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்று கிளினிக் நர்ஸ் அவன் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குட்டையான அம்மாள், குரல் மட்டும் கூரையைத் தொடும்.

"இந்த மாத்திரை காலையில எட்டு, ராத்திரி எட்டு. உங்க உடம்பு இந்தக் கிட்னிய வேத்தாள்னு நினைச்சு அடிச்சு விரட்டப் பாக்கும். மாத்திரைதான் உடம்பப் புடிச்சு வெக்குது. நேரம் தப்பினா உடம்பு முழிச்சுக்கும். புரியுதா?"

"சரி சிஸ்டர்."

"வேலைக்காக ஊர் ஊராப் போவீங்களாமே? ஆத்துப் பாலத்தத் தாண்டினா வேற நேரக் கணக்கு, அந்தப் பக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால ஓடும். போனும் தானா மாறிக்கும். அங்க எட்டுங்கறது உங்க உடம்புக்கு ஏழு. போனக் குடுங்க இப்படி."

போனை வாங்கி செட்டிங்ஸுக்குள் போனார். நேரம் தானாக மாறுகிற பொத்தானை அணைத்து, எங்கள் பக்கத்து நேரத்திலேயே நிறுத்தினார். அலாரத்தை எட்டுக்கு வைத்தார். "இனிமே நீங்க எங்க போனாலும் இந்த போனு வீட்டிலயே இருக்கும். இத யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான்," என்றார்.

ஒரு வருஷத்துக்குமேல் அவன் ஒழுங்காக இருந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். உடம்பு தேறி இந்தப் புதுக் கம்பெனியில் சேர்ந்தான். அவர்களுக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைகள். திங்கட்கிழமை சாயங்காலம் சாமான் வண்டியோடு பாலம் தாண்டுவான், வியாழக்கிழமை திரும்புவான். அந்தப் பக்கத்து நேரத்துக்கு ஒரு மலிவு வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டான். "வாட்ச் கம்பெனிக்கு, போன் கிட்னிக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்களாம். டீக்குக் கூப்பிட்டால் போனைப் பார்த்துவிட்டு "இன்னும் நேரம் ஆகலையே" என்பான், பிறகு வாட்சைப் பார்த்து எழுந்து ஓடுவான். ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டவர்களிடம், பழக்கம் என்று சொல்லி வைத்தான். கிட்னி என்று சொல்லவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

அப்புறம்தான் அந்த ஆப் வந்தது.

வேலைக்கு வந்ததைப் போனிலேயே பதிகிற ஆப். எந்த ஊரில், எந்தக் கடையில், எத்தனை மணிக்கு நிற்கிறான் என்று அது பார்த்துக்கொள்ளும். வந்தால் பச்சை டிக். இல்லையென்றால் சிவப்புப் பெருக்கல் குறி. இதைக் கொண்டுவந்த மேனேஜருக்கு இவர்கள் வைத்த பெயரே 'பச்சை டிக்'. எதைச் சொன்னாலும், "உனக்குப் பச்சை வந்திருக்கா?" என்றுதான் கேட்பானாம். பொண்டாட்டிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, லீவு வேண்டும் என்று ஒருவன் கேட்டதற்கும் அதையே கேட்டானாம்.

தம்பியின் போனில் ஆப் முதல் நாளே சிவப்பு காட்டியது. 'நேர அமைப்பு தவறு. தானியங்கி நேரத்தை இயக்கவும்' என்று எழுத்து. நேரத்தை மாற்றி வைத்து யாரும் ஏமாற்றிவிடக் கூடாதாம். ஏமாற்றுகிற ஆளைப் பாருங்கள்! இவன் என்ன செய்தான்? காலையில் பொத்தானைப் போடுவான், பச்சை வாங்குவான், உடனே அணைத்துவிடுவான். இரண்டு வாரம் ஓடியது. அதற்குள் அந்த ஆப்பைப் புதுப்பித்தார்கள். இனிமேல் எப்போது வேண்டுமானாலும் அதுவே எட்டிப் பார்க்கும். மூன்று சிவப்புக்கு விளக்கக் கடிதம். இவன் பொத்தானைப் போட்டான். அப்படியே விட்டுவிட்டான். என்னிடம் சொல்லவில்லை, பொண்டாட்டியிடம் சொல்லவில்லை, நர்ஸிடம் சொல்லவில்லை. உலகத்திலேயே ஒரு போனுக்குக்கூட "சரி சார்" சொன்ன ஆள் இவன் ஒருவன்தான்.

மூன்று மாதம் கழித்து வழக்கமான ரத்தப் பரிசோதனை. மறுநாள் நான் மேஜைவிரிப்பில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தபோது நர்ஸ் என்னையே கூப்பிட்டார். ஒன்று புள்ளி ஒன்றில் இருந்த எண் இரண்டு புள்ளி ஆறு ஆகியிருக்கிறது, உடனே சேர்க்க வேண்டும் என்றார். அந்த எண் ஏறினால் கிட்னி இறங்குகிறது என்று அர்த்தம். அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே ஓடினேன். என் விலாவுக்குக் கீழே அந்தப் பழைய இடம் கிடந்து இழுத்தது.

வார்டில் அவன் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தான். ஊசியால் கிட்னியிலிருந்து ஒரு துளி சதையை எடுத்திருந்தார்கள். என் சதை. பக்கத்துப் படுக்கைக்காரர் சாப்பிட்டு வைத்த தட்டில் ஈ மொய்த்தது. ஜன்னல் விளிம்பில் யாரோ உரித்துப் போட்ட பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. இவன் என்னைப் பார்த்ததும், "வாக்கா, சாப்டியா?" என்கிறான்.

உடம்பு கிட்னியை விரட்ட ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மாத்திரை விட்டுப்போனவர்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி ஆகும் என்றார்.

"விடல டாக்டர். அலாரம் அடிச்சா போட்டுருவேன்," என்றான் இவன், பவ்யமாக.

"ஒருநாள்கூட விடலையா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்ல சிஸ்டர். சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவன் கண்ணைப் பார்த்தாலே தெரியும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் ஏதாவது தெரியுமா என்று பார்க்க அன்று மத்தியானமே தம்பி மனைவியோடு போனேன். அவள் பீரோ இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள்.

"மாசா மாசம் நாலு நாலா மிச்சம் ஆகுது அண்ணி. மருந்துக் கடைக்காரர் கூடக் குடுத்துட்டார்போலன்னு நினைச்சு எடுத்து வெச்சேன். வீணாப் போவக் கூடாதுல்ல?"

கட்டில் மேல் கொட்டி எண்ணினேன். பன்னிரண்டு. டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வார்டுக்குத் திரும்பினோம். தம்பி மனைவி சொன்னதைக் கேட்டு நர்ஸ் டப்பாவைப் பார்த்தார்.

"மாசம் நாலுன்னா வாரத்துக்கு ஒண்ணு," என்றார். "ஒவ்வொரு வாரமும் ஒரே நாள்ல ஏதோ ஆகுது. திங்கள்லேருந்து சொல்லுங்க. திங்கக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"காலையில மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போவேன் சிஸ்டர். சாயங்காலம் வண்டியில பாலம் தாண்டுவேன்."

"எத்தன மணிக்குடா தாண்டுவ?" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"ஏழரை ஆகும்க்கா. சாமான் வண்டிய ஏழுக்கு அப்பறம்தான் பாலத்துல விடுவாங்க."

"நீ தாண்டினதும் அந்தப் பக்கம் மணி என்ன?"

"எட்டரை."

சொல்லிவிட்டு அவனே தன் போனைத் திரும்பிப் பார்த்தான். நர்ஸ் அவன் போனை எடுத்து செட்டிங்ஸைப் பார்த்தார். தான் அணைத்து வைத்த பொத்தான் போட்டுக்கிடந்தது. போனை என் கையில் கொடுத்தார்.

ஏழரைக்குப் பாலத்தில் ஏறுகிறான். இறங்கும்போது போன் தானாக எட்டரைக்குத் தாவிவிடுகிறது. நடுவில் எட்டு மணி என்று ஒன்று வரவே இல்லை. வராத எட்டு மணிக்கு அலாரம் எப்படி அடிக்கும்? திங்கட்கிழமை காலை போட்ட மாத்திரை, அடுத்தது செவ்வாய்க்கிழமை காலை. இருபத்து மூன்று மணி நேரம் என் கிட்னி அங்கே துணையில்லாமல் அடி வாங்கியிருக்கிறது. ஒரு வாரம் இல்லை, பன்னிரண்டு வாரம்.

"ராத்திரி மாத்திரை போடலேன்னு உனக்கே தோணலையாடா?" என்றேன்.

"அலாரம் அடிக்கலையேக்கா. அடிச்சிருந்தா போட்டிருப்பேன். ரூமுக்குப் போய்ச் சேரவே பத்தாயிரும், அசதியில படுத்துருவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வியாழக்கிழமை திரும்பி வர்றப்போ மட்டும் ரெண்டு தடவ அடிக்கும்," என்றான். "அது ஏன்னு நானும் பாத்தேன். போனுக்குக் கிறுக்குன்னு அணைச்சிட்டேன்."

போனுக்குக் கிறுக்காம்! நான் தலையில் அடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துக்கொண்டார். ஏன் அந்தப் பொத்தானைப் போட்டாய் என்று உலுக்கிய பிறகுதான் ஆப், சிவப்பு, விளக்கக் கடிதம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

மறுநாள் காலையில் நான் அவன் ஆபீஸுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. போகாமல் இருந்திருந்தால் எனக்கு மண்டை வெடித்திருக்கும்.

பச்சை டிக் என்னை உட்காரச் சொன்னான். பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிற பழக்கம். நடுநடுவே எடுத்து, நுனியில் வந்ததைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வாய்க்குள் விட்டான். சட்டைக் கையில் பழைய எண்ணெய்க் கறை, அதன்மேல் பவுடர். என் கண்ணுக்குத் தப்புமா? நான் விஷயத்தைச் சொன்னேன். கிட்னி என்றதும் அவன் பல்குச்சியை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்தான்.

"எங்களுக்குத் தெரியவே தெரியாதே, மேடம்."

ஒரு ஃபைலைப் புரட்டி என் பக்கம் திருப்பினான். வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுத்த தாள். 'தொடர் சிகிச்சை ஏதேனும் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. தம்பியின் உருண்டை உருண்டையான எழுத்து. அந்த ஒரு வார்த்தையை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. என்னைக் கீறி எடுத்ததை அவன் 'இல்லை' என்று எழுதியிருக்கிறான். பழைய கம்பெனி துரத்திய பயம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் வயிறு எரிந்தது.

நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து. மேஜைமேல் இருந்த அவன் போனில் பன்னிரண்டு பத்து.

"உங்க போன் ஏன் சார் ஒரு மணி நேரம் கூடக் காட்டுது?"

"அது ஹெட் ஆபீஸ் டைம் மேடம். மீட்டிங் எல்லாம் அந்தப் பக்கத்து நேரத்துலதான். மாறிக்கிட்டே இருந்தா தொல்லைன்னு ஒரே நேரத்துல நிறுத்தி வெச்சிருக்கேன்."

"ஆப்ல சிவப்பு வராதா?"

"எங்களுக்கு விலக்கு இருக்கு," என்றான். கூச்சமே இல்லை. "அது யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம் மேடம். டாக்டர் லெட்டர் ஒண்ணு போதும், ரெண்டு நிமிஷ வேலை. உங்க தம்பி கேக்கவே இல்லையே."

தூ என்று துப்பியிருக்கலாம். எதன்மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை. மீட்டிங்குக்காக நேரத்தை நிறுத்திக்கொண்ட இவன்மேலா, உயிருக்காகக்கூட வாயைத் திறக்காத அவன்மேலா? எழுந்தேன். அவன் பின்னாலிருந்து, "மறைச்சது தப்பு மேடம், அத விசாரிக்க வேண்டியிருக்கும்," என்றான். அந்தப் பல்குச்சி திரும்பவும் வாய்க்குள் போய்விட்டிருந்தது.

நாலு நாள் ஊசியில் மருந்து ஏற்றினார்கள். அவன் முகம் ஊதிப்போயிற்று. இரண்டு ஆறு, இரண்டு நாலு, இரண்டு, ஒன்று எட்டு என்று எண் இறங்கியது. ஐந்தாம் நாளும் ஒன்று எட்டிலேயே நின்றது. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"கிட்னி தப்பிச்சிருச்சும்மா. ஆனா கெட்டுப்போன பங்கு திரும்ப வராது. இருக்கறதக் காப்பாத்திக்கணும். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அன்று சாயங்காலம் உள்ளே போனால் அவன் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஜன்னல் பக்கம் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"லீவுல இருக்கறவங்களும் சாயங்காலம் ஒரு தடவ ஆப்ல தொடணுமாம்க்கா. இங்க சிக்னல் வரல."

எனக்குள் ஏதோ அறுந்தது. ஊதின முகமும், வாரப்படாத தலையும், கையில் ஊசியும், அந்த ஊசி போட்ட கையாலேயே பச்சை தேடுகிற கோலமும்! பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அருவருப்பாகத்தான் இருந்திருக்கும். போனைப் பிடுங்கினேன். நேரம் ஏழு ஐம்பத்தைந்து.

"இங்க பாருடா. எனக்கு ரெண்டு இருந்துது. ஒண்ண உனக்குக் குடுத்தேன். அதுல பாதிய நீ உன் மேனேஜருக்குக் குடுத்துட்ட. இனிமே குடுக்க எங்கிட்ட இல்ல. இருக்கற ஒண்ணு எனக்கு வேணும். நீ செத்தா நான் அழுவேன். ஆனா இன்னொண்ணு தர மாட்டேன், அதாச்சும் உனக்குப் புரியுதா?"

அவன் சரி என்று சொல்ல வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

நான் செட்டிங்ஸுக்குள் போனேன். நர்ஸ் செய்ததைப் பார்த்திருந்ததால் வழி தெரியும். பொத்தானை அணைத்து, எங்கள் பக்கத்து நேரத்தில் நிறுத்திவிட்டுப் போனை அவன் மடியில் போட்டேன். எங்கிருந்துதான் சிக்னல் வந்ததோ, திரையில் சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்தது.

"அக்கா, சிவப்பு வந்துருச்சு."

"வரட்டும்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. பச்சை டிக். தம்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னப்பா, சிவப்பு காட்டுதே? சரி, அத விடு. உன் உடம்பு விஷயம், அந்த ஃபாரம், அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். திங்கக்கிழமை மட்டும் அந்தப் பக்கம் ஒரு நட போயிட்டு வந்துரு. பெரிய கடையில ரெண்டு ஃப்ரீசர் படுத்துக்கிச்சு. உன்ன விட்டா யாருக்கும் பிடிபடல."

தம்பி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். நாலாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த வாய் அது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது.

"முடியாது சார்," என்றான்.

"என்னப்பா சொல்ற?" என்றது ஸ்பீக்கர்.

"மன்னிச்சுக்கோங்க சார். எனக்கு எங்க அக்கா கிட்னி வெச்சிருக்கு. ஃபாரத்துல பொய் எழுதிட்டேன், அது என் தப்பு. ஆனா திங்கக்கிழமை முடியாது சார். இந்த போன் நேரத்தயும் இனிமே மாத்த மாட்டேன் சார்."

முடியாது என்பதற்குள் எத்தனை சார்! இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிட்டான். பச்சை டிக் ஏதோ இழுக்கத் தொடங்கினான். "அப்படின்னா உன் வேலை..." என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அலாரம் அடித்தது. எட்டு.

தம்பி பேச்சைத் துண்டித்துவிட்டு அலாரத்தை நிறுத்தினான். அட்டையிலிருந்து பிதுக்கிய மாத்திரை போர்வையில் விழுந்து உருண்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீரோடு விழுங்கினான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"வாயத் திற," என்றேன்.

"முழுங்கிட்டேன்க்கா."

"திறடா."

முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, வார்டே பார்த்துக்கொண்டிருக்க, ஆவென்று வாயைத் திறந்து காட்டினான். நாக்கில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. நாலு நாள் மருந்தின் கெட்ட நாற்றம் என் முகத்தில் அடித்தது. குனிந்து, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி எல்லாம் நன்றாகப் பார்த்தேன். மாத்திரை உள்ளே போயிருந்தது.